செராமிக் கெப்பாசிட்டரின் முதுகில் எழுதியிருப்பது

பழைய ரேடியோ, டிவி, ஆம்ப்ளிஃபயர் போர்டுகளிலிருந்து கழற்றிப் போட்ட, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் வட்டமான செராமிக் (பீங்கான்) டிஸ்க் கெப்பாசிட்டர்கள் என் மேசையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய உண்டு. விடுமுறையில் தொழில் பழக வரும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மதிப்பு வாரியாகப் பிரித்து வைப்பதுதான். ரெசிஸ்டர் என்றால் நிற வளையங்களைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அது பாடத்தில் வருகிறது, தேர்விலும் வருகிறது. செராமிக் கெப்பாசிட்டரைக் கையில் கொடுத்தால் விழிப்பார்கள். "அண்ணா, 104 என்று போட்டிருக்கிறது. நூற்று நான்கு மைக்ரோவா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கெப்பாசிட்டரை அளக்கும் அலகு ஃபாரட்; பட்டாணி அளவு டிஸ்க்கில் நூறு மைக்ரோ ஃபாரட் அடங்காது என்ற உணர்வு பழகப் பழகத்தான் வரும்.

எண்ணைப் படிக்கும் முறையில் சிக்கல் ஏதும் இல்லை. முதல் இரண்டு இலக்கங்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது இலக்கம் எத்தனையோ அத்தனை சுழியங்களைப் பின்னால் சேர்க்க வேண்டும். கிடைப்பது பைக்கோ ஃபாரட். 104 என்றால் 10, அதன் பின் நான்கு சுழியம், ஆக 1,00,000 பைக்கோ. ஆயிரம் பைக்கோ ஒரு நானோ; ஆயிரம் நானோ ஒரு மைக்ரோ. எனவே 104 என்பது 100 நானோ, அதாவது 0.1 மைக்ரோ. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'பாயிண்ட் ஒன்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

ஆனால் ஒவ்வொரு முறையும் சுழியம் எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். 102 ஒரு நானோ, 103 பத்து நானோ, 104 நூறு நானோ. இந்த மூன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளச் சொல்வேன். பிறகு 472 வந்தால் அது 102-இன் வகையறா, 4.7 நானோ. 223 வந்தால் 103-இன் வகையறா, 22 நானோ. 224 என்றால் 220 நானோ. ஒரு மாலைக்குள் பிள்ளைகளுக்கு இது கைவந்துவிடும்.

வம்பு சிறிய மதிப்புகளில் இருக்கிறது. 22 என்று இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது 22 பைக்கோ. 220 என்று இருந்தாலும், மேலே சொன்ன கணக்குப்படி 22-க்குப் பின் சுழியம் ஏதும் இல்லை என்பதால் அதுவும் 22 பைக்கோதான். 220 பைக்கோ வேண்டுமென்றால் 221 என்று தேட வேண்டும். அதே போல 100 என்பது 10 பைக்கோ; நூறு பைக்கோவின் குறி 101. போதாததற்கு, மிகப் பழைய டிஸ்க்குகள் சிலவற்றில் 100 என்று அச்சிட்டு நேரடியாக நூறு பைக்கோவையே குறித்திருப்பார்கள். எழுத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. அது எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றின் இரு கால்களிலிருந்தும் தரைக்கு இரண்டு சிறு டிஸ்க்குகள் இறங்கினால், அதில் 220 என்று எழுதியிருந்தாலும் 22 என்று எழுதியிருந்தாலும் 22 பைக்கோதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அங்கே 220 பைக்கோவைப் போட்டால் கிரிஸ்டல் துடிக்கத் தொடங்குவதே சந்தேகம். ஐசியின் சப்ளைக் காலுக்குப் பக்கத்தில் தரைக்கு இறங்குவது பெரும்பாலும் 104. 555 டைமரின் ஐந்தாவது காலில் இருப்பது 103. 7805 வோல்டேஜ் ரெகுலேட்டரின் உள்ளீட்டில் 334, வெளியீட்டில் 104 என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளே படம் போட்டுக் காட்டுகிறது. இப்படி வழக்கமான இடங்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு, அழிந்துபோன எழுத்துகூடப் பாதி படித்தது மாதிரிதான்.

அழிந்த எழுத்துக்கு இன்னொரு துணையும் உண்டு. கெப்பாசிட்டர் மதிப்புகள் இஷ்டத்துக்கு வருவதில்லை. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற பன்னிரண்டு எண்களில் ஒன்றில்தான் பெரும்பாலும் தொடங்கும். செராமிக்கில், அதுவும் நானோ கணக்கில் வருபவற்றில், 10, 15, 22, 33, 47, 68 என்ற ஆறுதான் மிகுதி. ஆகவே ஒரு பையன் 413 என்று படித்துவிட்டு வந்தால், மறுபடி பார்க்கச் சொல்வேன். அது 473 ஆக இருக்கும். 7-இன் மேல்கோடு தேய்ந்தால் 1 போலத் தெரியும். 653 என்று படித்தால் அது 683. முதல் இரண்டு இலக்கம் இந்தப் பட்டியலில் இல்லையென்றால், கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எழுத்து மங்கியிருந்தால் நேர் வெளிச்சத்தில் பார்ப்பதைவிட, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து டிஸ்க்கைச் சாய்த்துப் பார்ப்பது நல்லது. மை போனாலும் அதன் தடம் பளபளப்பில் சற்று வேறுபட்டுத் தெரியும். கைபேசிக் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்குவது பூதக்கண்ணாடியைவிட வசதி. தூசியும் சால்டரிங் பிளக்ஸும் படிந்திருக்கிறது என்று தின்னர் போட்டுத் துடைக்கப் போனால், அழுக்கோடு எழுத்தும் போய்விடும். துடைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆங்கில எழுத்துக்கு வருவோம். 104கே என்பதில் உள்ள 'கே' கிலோ இல்லை. 472எம் என்பதில் உள்ள 'எம்' மைக்ரோவும் இல்லை, மெகாவும் இல்லை. அச்சிட்ட மதிப்பிலிருந்து உண்மை மதிப்பு எவ்வளவு விலகலாம் என்று அந்த எழுத்து சொல்கிறது. 'ஜே' என்றால் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 'கே' 10 சதவீதம், 'எம்' 20 சதவீதம். 'இசட்' என்பது ஒரு வேடிக்கையான ஒப்பந்தம்: 20 சதவீதம் வரை குறையலாம், 80 சதவீதம் வரை கூடலாம். 104இசட் என்ற டிஸ்க் 80 நானோவாகவும் இருக்கலாம், 180 நானோவாகவும் இருக்கலாம். இரண்டுமே நல்ல சரக்குதான். மீட்டரில் 150 நானோ காட்டுகிறது என்று அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பத்து பைக்கோவுக்குக் குறைந்தவற்றில் சதவீதம் பேசுவதில்லை. 'சி' என்றால் கால் பைக்கோ, 'டி' என்றால் அரை பைக்கோ விலகல். இந்தச் சின்ன மதிப்புகளில் 4ஆர்7 என்று நடுவில் 'ஆர்' வந்தால் அது புள்ளி, 4.7 பைக்கோ. 4என்7 என்றால் 4.7 நானோ; என்47 என்றால் 0.47 நானோ, அதாவது 470 பைக்கோ. 479 என்று முடிவில் 9 வந்தாலும் 4.7 பைக்கோதான், அங்கே ஒன்பது சுழியம் சேர்க்கத் தொடங்கினால் விபரீதம்.

வோல்டேஜ் சில சமயம் நேராகவே 50வி, 1கேவி, 2கேவி என்று எழுதியிருக்கும். சில சமயம் 1எச், 2ஏ, 3டி என்று மறைபொருளாக இருக்கும். அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எண், சுழியங்களைச் சொல்கிறது. எழுத்து, பெருக்க வேண்டிய மதிப்பைச் சொல்கிறது. 'ஏ' என்றால் 1, 'சி' 1.6, 'டி' 2, 'ஈ' 2.5, 'ஜி' 4, 'எச்' 5, 'ஜே' 6.3. ஆக 1எச் என்பது 5 பெருக்கல் 10, அதாவது 50 வோல்ட். 1ஈ 25 வோல்ட். 2ஏ 100 வோல்ட். 3டி 2000 வோல்ட். ரேடியோ மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய பச்சை நிற மைலார் கெப்பாசிட்டரில் 2ஏ104ஜே என்று இருக்குமே, அது செராமிக் இல்லையென்றாலும் இதே பாஷைதான் பேசுகிறது: 100 வோல்ட், 0.1 மைக்ரோ, 5 சதவீதம். முன்னால் இருக்கும் 2ஏ-வைச் சேர்த்து 2104 என்று படிக்கப் போய்க் குழம்புகிறவர்கள் உண்டு. வோல்டேஜ் எதுவுமே அச்சிடாத சிறு டிஸ்க்கை 50 வோல்ட் என்று வைத்துக்கொண்டு 5, 12 வோல்ட் வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துவது என் வழக்கம். மெயின் கரண்ட் பக்கம் அதைக் கொண்டுபோக விடமாட்டேன்.

இவ்வளவும் படித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு பாட்டு ஆசிரியையின் சுருதிப் பெட்டி வந்தபோது, அருகில் இருந்த பிள்ளைகளுக்கு அப்படி இல்லை என்று காட்ட வாய்ப்பு கிடைத்தது. யாரோ ஆர்வத்தோடு கையாலேயே கட்டிக் கொடுத்த எலக்ட்ரானிக் பெட்டி அது. "காலையில் ஒன்றரைக் கட்டையில் வைத்தால் மதியத்துக்குள் இரண்டு கட்டைக்கு ஏறிவிடுகிறது தம்பி. ஏசி ஹாலுக்குக் கொண்டுபோனால் இறங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?" என்றார். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் ஒரு சுரத்தானம், ஏறக்குறைய 6 சதவீத அதிர்வெண். திறந்து பார்த்தால் 555 டைமர், சில ரெசிஸ்டர்கள், சுருதியைத் தீர்மானிக்கும் இடத்தில் 103இசட் என்று எழுதிய பழுப்பு நிற டிஸ்க். மதிப்பு பத்து நானோ. சர்க்யூட் கேட்டதும் பத்து நானோதான். படித்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த டிஸ்க்கைக் கழற்றி, சூடு ஆறியதும் மீட்டரின் கிளிப்பில் மாட்டினேன். பிறகு பையனை விட்டு அதை இரு விரலால் பிடிக்கச் சொன்னேன். விரலின் சூடு ஏற ஏற, மீட்டரில் எண் கடைசி இலக்கத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. சால்டரிங் அயர்னைத் தொடாமல் அருகில் மட்டும் கொண்டுபோனதும், பத்து நானோ மளமளவென்று சரிந்தது. அயர்னை எடுத்ததும் மெல்ல மேலே ஏறியது. அடுத்து, தலையில் கறுப்பு மை தீட்டிய 101ஜே டிஸ்க் ஒன்றை அதே இடத்தில் மாட்டினோம். விரல் வைத்தாலும் அயர்னைக் காட்டினாலும் எண் அசையவில்லை.

555-இல் அதிர்வெண்ணும் கெப்பாசிட்டர் மதிப்பும் எதிரெதிர். கெப்பாசிட்டர் 6 சதவீதம் குறைந்தால் சுருதி ஏறக்குறைய அதே அளவு ஏறும். ஆசிரியை சொன்ன அரைக்கட்டை இதுதான். வீட்டில் வெயில் ஏற, பெட்டிக்குள் சூடு ஏற, சுருதியும் ஏறியது. ஏசியில் இறங்கியது. 103ஜே, வெப்பத்துக்கு அசையாத என்பி0 வகை ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தேன். விலை கூடுதல், உருவமும் கொஞ்சம் பெரியது. பெட்டி அதன்பின் கட்டையை விட்டு நகரவில்லை.

என்பி0 என்பதும் சி0ஜி என்பதும் ஒன்றே. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் மதிப்பு மாறாது என்பது அதன் வாக்கு. பழைய டிஸ்க்குகளில் தலையில் கறுப்புப் பூச்சு இருந்தால் இந்த வகை. மற்றவை பெரும்பாலும் பேரியம் டைட்டனேட் கலந்தவை. 1940-களில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பொருள், சிறிய உடம்பில் பெரிய மதிப்பை அடக்கிக் காட்டியது. அதற்கு விலையாக வெப்பத்துக்கு ஆடுகிறது. எவ்வளவு ஆடும் என்பதற்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை 15 சதவீதத்துக்குள் ஆடும். ஒய்5வி என்றால் மைனஸ் 30 முதல் 85 டிகிரிக்குள் 22 சதவீதம் ஏறலாம், 82 சதவீதம் இறங்கலாம். இசட்5யூ 10 முதல் 85 டிகிரிக்குள் 56 சதவீதம் வரை இறங்கலாம். 82 சதவீதம் என்பது அச்சுப் பிழை இல்லை. நூறு நானோ பதினெட்டு நானோவாகவும் ஆகலாம் என்று தயாரித்தவரே ஒப்புக்கொள்கிறார். சப்ளைக் காலில் இரைச்சலை உறிஞ்ச இது போதும். சுருதியையோ நேரத்தையோ அலைவரிசையையோ பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் உதவாது. டிஸ்க்கின் மேல் இந்தக் குறி பல சமயம் இருப்பதே இல்லை. 'இசட்' என்ற விலகல் எழுத்து இருந்தால் இந்த ஆட்டக்காரர்களில் ஒன்று என்று ஊகிக்கலாம். ஊகம் போதாதென்றால் விரல் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டைட்டனேட் வகையைச் சால்டரிங் செய்தவுடன் அளந்தால், சூடு ஆறிய பிறகும் மதிப்பு சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஏறக்குறைய 125 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது அந்தப் பீங்கான் புதிதாகச் செய்தது போன்ற நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் நாள்பட மெதுவாகக் குறைந்துகொண்டே வரும். நெருக்கமாக அளக்க வேண்டுமென்றால் ஒரு நாள் விட்டு அளப்பது நல்லது. சில பைக்கோ அளவில் இருப்பவற்றை அளக்கும்போது, கெப்பாசிட்டர் இல்லாமலேயே மீட்டரின் ஒயர்கள் எவ்வளவு காட்டுகின்றன என்று முதலில் பார்த்துக் கழித்துவிட வேண்டும். போர்டிலேயே வைத்து அளந்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து வரும். ஒரு காலையாவது கழற்றியே ஆக வேண்டும்.

நீல நிற டிஸ்க் பற்றி மட்டும் நான் பிள்ளைகளிடம் குரலை உயர்த்திப் பேசுவது வழக்கம். சார்ஜர், டிவி, செட்டாப் பாக்ஸ் எதைத் திறந்தாலும், டிரான்ஸ்ஃபார்மரின் மெயின் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைத்தபடி ஒரு நீல டிஸ்க் நிற்கும். 222எம் அல்லது 472எம் என்று இருக்கும். 2.2 நானோ, 4.7 நானோ, படிப்பதில் புதுமை இல்லை. ஆனால் அதன் மேல் இன்னும் நிறைய எழுதியிருக்கும்: எக்ஸ்1 400~, ஒய்2 250~ போன்ற வரிகள், அவற்றைச் சுற்றிப் பல நாடுகளின் சோதனைக்கூட முத்திரைகள். அந்த அலைக்குறி ஏசியைக் குறிக்கிறது. ஒய் வகை என்றால், பழுதானாலும் ஷார்ட் ஆகி மனிதருக்கு ஷாக் தராதபடி கட்டிச் சோதித்தது என்று பொருள். ஒய்1 அதிலும் ஒருபடி மேல்.

வேறு எங்கோ பழுதுபார்த்து வந்த ஒரு அடாப்டரில், அந்த இடத்தில் 222கே 1கேவி என்று சாதாரண பழுப்பு டிஸ்க் உட்கார்ந்திருந்தது. மதிப்பு சரி. 1000 வோல்ட் தாங்கும் என்று எழுதியும் இருக்கிறது. 230 வோல்ட்டுக்கு இது தாராளம் என்று மாற்றியவர் நினைத்திருப்பார். மெயின் லைனில் இடியும் மோட்டார் ஸ்விட்சும் கொண்டுவரும் நொடிநேர ஏற்றங்கள் பல ஆயிரம் வோல்ட் வரை போகும். ஒய் வகையை அதற்கென்றே அடித்துப் பார்த்து அனுப்புகிறார்கள். சாதாரண டிஸ்க் அதில் ஷார்ட் ஆனால், மெயின் கரண்ட் நேராக வெளியீட்டு ஒயருக்கு, அங்கிருந்து கைபேசியின் உலோக உடலுக்கு வந்துவிடும். அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, முத்திரையோடு கூடிய ஒய்1 போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

"நீல டிஸ்க்கை எடுத்துவிட்டால் பாக்ஸைத் தொடும்போது வரும் சுருசுருப்பு போய்விடுகிறது" என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. சுருசுருப்பு போவது உண்மை. 230 வோல்ட் முழுவதும் 2.2 நானோவின் குறுக்கே விழுவதாக வைத்துக் கணக்கிட்டாலும், 50 ஹெர்ட்ஸில் வருவது 0.16 மில்லி ஆம்பியர்தான். அது உறுத்தும், ஆளைச் சாய்க்காது. அதை எடுத்துவிட்டால் படத்தில் கோடும் ஸ்பீக்கரில் இரைச்சலும் வரத் தொடங்கும். மூன்று முள் பிளக் உள்ள கருவி என்றால் வீட்டு எர்த்தைச் சரிசெய்வதுதான் வழி. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறார்கள், அது தனிக்கதை.

இப்போது வரும் போர்டுகளில் படிப்பதற்கு எழுத்தே இல்லை. எள் போல ஒட்டிக்கொண்டிருக்கும், கம்பிக் கால் இல்லாமல் போர்டின் மேலேயே பற்றவைத்த பழுப்பு எஸ்எம்டி செராமிக்குகளின் உடலில் பெரும்பாலும் ஒன்றும் அச்சிடுவதில்லை. அபூர்வமாகச் சிலவற்றில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். 'எஸ்3' என்றால் 'எஸ்' 4.7, அதை ஆயிரத்தால் பெருக்கினால் 4700 பைக்கோ. 'ஏ5' என்றால் 1, ஐந்து சுழியம், நம் பழைய 104. 'ஜே' 2.2, 'என்' 3.3, 'டபிள்யூ' 6.8. வோல்டேஜ் குறியில் 'ஜே' 6.3 ஆயிற்றே என்று கேட்டால், ஆம், இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள்.

குறியே இல்லாததைக் கழற்றி அளந்தால் மதிப்பு தெரியும். வோல்டேஜ் தெரியாது, வகையும் தெரியாது. அதுவும் எக்ஸ்5ஆர் வகையில் பெரிய மதிப்பைச் சின்ன உடம்பில் அடைத்திருந்தால், அதன் மேல் டிசி வோல்டேஜ் ஏறும்போது மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கலாம்; மீட்டர் காட்டும் எண் ஓடும் சர்க்யூட்டில் இருக்கும் எண் அல்ல. ஷார்ட் ஆகிப்போன எஸ்எம்டியை அளந்தும் பயனில்லை. அப்போது நான் செய்வது, அதே மாடலின் செத்த போர்டு ஒன்றைத் தேடுவது. அதே இடத்தில் இருப்பதைக் கழற்றி, அதன் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுவேன். போர்டு கிடைக்காவிட்டால் சர்க்யூட் படம். அதுவும் இல்லையென்றால், அந்த லைனில் எத்தனை வோல்ட் ஓடுகிறது என்று அளந்து, அதன் இரண்டு மடங்கு தாங்கும் எக்ஸ்7ஆர், இடம் கொள்ளும் அளவில் பெரியதாக. இப்படிக் கழற்றும் செத்த போர்டுகளை எடைக்குப் போடாமல் மாடல் எண் எழுதி ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். வீட்டில் அதற்கு எதிர்ப்பு இருக்கிறது.